ஐஸ் ஹவுஸ் முதல் அடுக்களை வரை

புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டி வீடு வந்து சேர்ந்து, அட்டையும் தெர்மோகோலும் கழற்றப்பெற்று, சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று, அடுக்களையில் அதற்கென ஒழித்து வைத்த மூலையில் நிலைபெற்ற பின்னர், அதனுடன் வந்த சிறு கையேட்டைப் பிரித்துப் படிப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. உத்தரவாதச் சீட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். கையேடோ பழைய தினசரிகளோடு சேர்ந்து எடைக்குப் போய்விடுகிறது. அதில் உள்ளவை ரசமான சங்கதிகள் என்று சொல்லவும் முடியாது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. மூன்று முள் செருகியின்றி மின்சாரம் கொடுக்கலாகாது. உறைபனியைக் கத்தியால் சுரண்டலாகாது. பழைய பெட்டியைக் கழிக்கும்போது கதவைக் கழற்றாமல் விடலாகாது என்று பக்கத்துக்குப் பக்கம் விலக்குகளாகவே இருக்கும். கம்பெனிக்காரர்கள் தங்கள் மேல் பழி வராதிருக்கச் சொல்லி வைத்த சம்பிரதாய வார்த்தைகள் இவை என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்பெட்டியின் பூர்வ கதையை அறியப் புகுந்த பின்னரே, அந்த வறண்ட வாக்கியங்களிற் பல, எங்கோ ஒரு குடும்பத்தில் நேர்ந்த துக்கத்தை அடுத்து எழுதப்பட்டவை என்பது விளங்கிற்று.

உஷ்ண தேசத்தில் பிறந்தவனுக்குக் குளிர்ச்சியின் மேல் உள்ள ஆசை மிகப் பழையது. அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் வெடியுப்புக் கரைத்த நீரில் குடத்தை வைத்துச் சுழற்றித் தண்ணீரைக் குளிர்வித்ததையும், மலைகளிலிருந்து பனிக்கட்டி தருவிக்கப்பட்டதையும் அபுல் பஸல் தம் அயினி அக்பரியில் குறித்து வைத்திருக்கிறார். வங்காளத்தில் ஹூக்ளிப் பக்கத்தில், மார்கழி தை மாதத்து இரவுகளில், வைக்கோல் பரப்பிய குழிகளில் அகலமான மண் தட்டுகளை வரிசையாக வைத்து, அவற்றில் சிறிதளவே நீர் வார்த்து, விடியுமுன் மேலே படிந்த மெல்லிய பனியேட்டைச் சுரண்டி எடுத்துச் சேமித்தார்கள். தென்னாட்டிலோ அத்தகைய குளிர் இரவுகள் இல்லை. நமக்கு வாய்த்தது மண்பானையும், அதனுள் இட்ட வெட்டிவேரும், அதைச் சுற்றிய ஈரத்துணியுமே. ஆயினும் அந்த எளிய பானையின் வயிற்றில் நவீன யந்திரத்தின் தத்துவம் முழுவதும் அடங்கியிருந்தது. பானையின் மேற்புறத்தில் கசிந்த நீர் ஆவியாகும்போது, அவ்வாறு ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தை உள்ளேயிருக்கும் நீரினின்றே கவர்ந்து செல்கிறது. இதைத் தவிர வேறொரு ரகசியம் குளிர்சாதனப் பெட்டியிலும் கிடையாது.

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிக்கு அருகே, வட்டமான முகப்போடு கடலைப் பார்த்து நிற்கும் ஒரு கட்டடத்தை நம்மில் பலர் அறிவோம். அமெரிக்காவில் உறைந்த நீர் பாய்க்கப்பலில் ஏறி நம் ஊருக்கு வந்து குடியிருந்த இடம் அது. பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் அவ்வூர்ப் பக்கத்து ஏரிகளிலும் குளங்களிலும் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியை வெட்டி வெப்ப தேசங்களுக்கு ஏற்றுமதி செய்தால் என்ன என்று எண்ணி, 1806ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய மார்த்தினீக்குக்கு முதற் கப்பலை அனுப்பினார். ஊரார் நகைத்தனர், சரக்கும் அங்கே வைக்க இடமின்றி உருகிப் போயிற்று. கடன்பட்டுச் சிறைக்கும் போய் மீண்ட அம்மனிதர் விடவில்லை. மரத்தூளை இடையில் திணித்தால் பனிக்கட்டி நெடுநாள் தாங்கும் என்பதைக் கண்டறிந்தார். நதானியேல் வையத் என்பவர் அமைத்துக் கொடுத்த, குதிரை இழுக்கும் பனிக்கலப்பையால் கட்டிகளை ஒரே அளவாக அறுக்கும் வழியையும் கைக்கொண்டார். 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டு, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதப் பிரயாணத்தின் பின் கல்கத்தாவை அடைந்தபோது, அதில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது.

கல்கத்தாவையும் பம்பாயையும் அடுத்துச் சென்னைக்கும் அந்த வியாபாரம் வந்தது. 1842ஆம் ஆண்டில் கட்டி முடித்த பனிக்கிடங்குதான் இன்றளவும் ஐஸ் ஹவுஸ் என்று ஜனங்களால் வழங்கப்படுகிறது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கை ஏற்றி, அலைகளோடு போராடிக் கரை சேர்த்தனர். அந்தப் படகோட்டிகள் கொதிக்கும் மணலில் நின்று முதன்முதலாக அந்தக் கட்டிகளைத் தொட்டபோது என்ன நினைத்தார்களோ, எழுதி வைத்தவர் யாருமில்லை. பனிக்கட்டியின் அனுபோகம் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமாரின் மேஜைகளுக்கும், காய்ச்சல் கண்டவர்களின் நெற்றிகளுக்குமே கிட்டியது. பாஸ்டனுக்கு அருகே வால்டன் குளக்கரையில் தனித்து வசித்த தோரோ, டியூடரின் ஆட்கள் தம் குளத்தில் பனி அறுப்பதைக் கண்டு, அந்த நீர் சென்னைவாசிகளின் தாகத்தையும் தீர்க்கப் போகிறது என்று வியந்து தம் நூலில் எழுதினார்.

நீராவியால் பனிக்கட்டி செய்யும் யந்திரங்கள் வந்ததும் இவ்வியாபாரம் நொடித்தது. சென்னையிலேயே 1874இல் ஒரு பனிக்கட்டிக் கம்பெனி தொடங்கப்பெற்றது. வேலையற்றுப் போன கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வாசஸ்தலமாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதும், பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் பாதுகாப்பில் இளம் விதவைகள் அங்கே தங்கிப் படித்ததும், 1963இல் அது விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றதும் தனியே எழுதத்தக்க சரித்திரம். நம் விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. இயற்கைப் பனிக்கட்டி வியாபாரத்தின் கடைசிக் காலத்தில், நகரங்களின் சாக்கடை கலந்த நீர்நிலைகளினின்று அறுத்த கட்டிகளால் குடற்காய்ச்சல் பரவக் கூடுமென்று மேல்நாட்டு வைத்தியர்கள் கண்டனர். உறைந்த நீரில் கிருமிகள் யாவும் மடிந்துபோகும் என்று அதுவரை ஜனங்கள் நம்பியிருந்தார்கள். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, உறங்க மட்டுமே வைக்கிறது என்பதை அப்பொழுதே உலகம் அறிந்துகொண்டது. நம் அடுக்களைகள் இன்னும் அறிந்துகொண்டபாடில்லை.

யந்திரத்தின் கதைக்கு வருவோம். ஸ்காத்லாந்துப் பேராசிரியர் வில்லியம் கல்லன் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, காற்றை வெளியேற்றிய பாத்திரத்தில் ஈதரை ஆவியாக்கிச் சிறிது பனி உண்டாக்கிக் காட்டினார். 1834இல் லண்டனில் வாழ்ந்த ஜேக்கப் பெர்கின்ஸ், ஆவியான திரவத்தைத் திரும்பவும் அமுக்கித் திரவமாக்கி மறுபடி மறுபடி உபயோகிக்கும் சுற்று முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் பெட்டியில் நடப்பதும் அதுவே. உறைவிப்பானைச் சுற்றிய குழாய்களில் ஒரு திரவம் கொதித்து ஆவியாகி, உள்ளேயிருக்கும் உஷ்ணத்தைக் கவர்கிறது. கம்பிரஸர் அந்த ஆவியை அமுக்குகிறது. பின்புறத்துக் கம்பி வலையில் அது தன் உஷ்ணத்தை வெளியே கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகிறது. பெட்டியின் முதுகு சுடுவதன் காரணம் இதுதான். அந்தச் சூடு போக வழியின்றிச் சுவரோடு ஒட்டி வைத்து, கம்பிகளின் மேல் வருஷக்கணக்கில் தூசியும் ஒட்டடையும் படியவிட்டு, மேலே துணியும் போர்த்தி வைத்தால், கம்பிரஸர் ஓய்வின்றி ஓடி மின்சாரக் கட்டணத்தை ஏற்றிப் பின்னர் ஒருநாள் எரிந்து போகும். நான்கு விரற்கடைக்குக் குறையாத இடைவெளியும், ஆண்டுக்கு இருமுறை, செருகியைப் பிடுங்கிவிட்டு மெல்லிய தூரிகையால் துடைத்தலும் போதும்.

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் இந்த யந்திரம் அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்தது. 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் தலையில் வட்டமான யந்திரத்தைச் சுமந்த பெட்டியை விற்கத் தொடங்கியபின், அது பணக்காரர் பொருள் என்ற நிலையினின்று மெல்ல இறங்கிற்று. ஆனால் அக்காலத்துக் குழாய்களுக்குள் ஓடியவை யாவை? அம்மோனியா, கந்தக டையாக்ஸைடு, மெத்தில் குளோரைடு. மூன்றும் விஷ வாயுக்கள். முதலிரண்டின் நெடியாவது உறங்குபவனை எழுப்பிவிடும். மெத்தில் குளோரைடோ மெல்லிய இனிய வாசனையுடையதாகையால், கசிந்தது அறியாமலே மாந்தர் மயங்கினர். 1928, 1929ஆம் ஆண்டுகளில் சிகாகோ நகரத்து அடுக்கு வீடுகளில் இவ்வாறு பலர் மாண்டனர். பெர்லினிலும் ஒரு குடும்பம், பெட்டியினின்று கசிந்த வாயுவால் இரவில் இறந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்து மனம் நொந்தவர் ஒருவர், தம் இளைய நண்பரும் பௌதிக சாஸ்திரியுமான லியோ ஸிலார்டுடன் சேர்ந்து, அசையும் உறுப்புகளோ தேயும் இணைப்புகளோ இல்லாமையால் கசிவுக்கே இடமில்லாத ஒரு பெட்டியை அமைக்க முனைந்தார். அவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். 1930இல் அவ்விருவருக்கும் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பெட்டி மாத்திரம் கடைக்கு வரவில்லை.

வராமற் போனதற்குக் காரணம் உண்டு. அதே சமயத்தில் அமெரிக்க ரசாயனியான தாமஸ் மிட்ஜ்லி, விஷமுமற்று நெருப்பும் பற்றாத ஒரு வாயுவைச் செய்துவிட்டார். 1930இல் ரசாயனிகளின் சபையில் எல்லோரும் பார்த்திருக்க அதைத் தாமே மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார் என்பர். ஃப்ரியான் என்று பெயரிட்ட அவ்வாயு வந்த பின்னரே குளிர்சாதனப் பெட்டி பயமின்றி வீட்டுக்குள் வைக்கத்தக்க பொருளாயிற்று. இந்தியாவில் 1958இல் கோத்ரெஜ் கம்பெனியார் உள்நாட்டிலேயே பெட்டி செய்யத் தொடங்கியபோதும், பிறகு கெல்வினேட்டரும் ஆல்வினும் நம் மத்தியதர வீடுகளின் கனவில் இடம் பிடித்தபோதும், அவற்றின் குழாய்களில் ஓடியது இவ்வாயுதான்.

என் இல்லத்திற்கு வந்த முதற் பெட்டியிலும் அதுவே இருந்தது. ஒற்றைக் கதவுடைய 165 லிட்டர்ப் பெட்டி. உறைவிப்பானில் பனி ஒரு விரல் தடிமனுக்கு ஏறி, ஐஸ் தட்டு அதற்குள் புதைந்து வெளிவர மறுத்த ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில், வந்திருந்த விருந்தினருக்கு எலுமிச்சம்பழச் சர்பத் கொடுத்தாக வேண்டிய அவசரத்தில், காய்கறி நறுக்கும் கத்தியை எடுத்துப் பனியைக் குத்தினேன். மூன்றாவது குத்தில் 'உஸ்' என்ற ஓசை, பாம்பு சீறினாற்போல, ஒரு நிமிஷம் நீடித்து ஓய்ந்தது. அதன்பின் பெட்டி ஓடியது, குளிரவில்லை. மறுநாள் வந்த மெக்கானிக் கதவைத் திறந்து பார்த்து, "கத்தி போட்டீங்களா சார்? கேஸ் பூரா போயிடுச்சு. ஃப்ரீசர் தகட்டையே மாத்தணும்" என்றார். அந்தத் தகடு இரண்டு அலுமினியத் தாள்களை ஒட்டி, இடையில் வாயு ஓடும் வாய்க்கால்களை ஊதி எழுப்பிச் செய்தது என்றும், நகத்தின் கனம்கூட அதற்கு இல்லை என்றும் அவர் விளக்கிய பின்னரே, கையேட்டின் மூன்றாம் பக்கத்து வாக்கியம் எனக்குப் பொருளாயிற்று. கால் அங்குலத்துக்கு மேல் பனி ஏறுமுன் பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீரும் வைத்தால், அரைமணியில் பனி தானே கழன்று விழும். இதற்குக் கத்தி எதற்கு?

அந்த 'உஸ்' ஓசையோடு கதை முடிந்ததாகவே எண்ணினேன். 1974இல் ரோலண்ட், மோலினா என்னும் இரு விஞ்ஞானிகள், இவ்வகை வாயுக்கள் பூமியருகே எதனாலும் சிதையாமல் மெல்ல மேலேறி, ஆகாயத்தின் உயர்ந்த அடுக்கில் சூரிய கிரணங்களால் உடைந்து, நம்மைக் காக்கும் ஓஸோன் படலத்தை அழிக்கின்றன என்று எழுதியதையும், 1985இல் தென்துருவத்தின் மேல் அப்படலம் மெலிந்துபோனதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் அளந்து அறிவித்ததையும், 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியல் நகரில் உலக தேசங்கள் உடன்படிக்கை செய்துகொண்டதையும் பின்னால் படித்தபோது, மனம் ஒரு கணம் துணுக்குற்றது. அந்த வாயுவின் ஆயுள் ஏறக்குறைய நூறாண்டு. மனிதனுக்குத் தீங்கற்றது என்று கொண்டாடிய பொருளில், ஒரு சர்பத்துக்காக நான் திறந்துவிட்ட பங்கு, இன்னமும் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

இன்றைய பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் ஐஸோபியூட்டேன் ஓடுகிறது. ஓஸோனுக்குத் தீங்கு செய்யாது. ஆயின் நம் சமையல் வாயுவின் நெருங்கிய உறவு, எளிதில் தீப்பற்றுவது. சமையல் வாயுவிற்குச் சேர்க்கும் கெட்ட வாடையும் இதற்குக் கிடையாது. அளவு சொற்பமே, பெரும்பாலும் நூறு கிராமுக்கும் கீழ். என்றாலும் குழாய் ஓட்டையானதாக ஐயுற்றால், விளக்கையோ பெட்டியின் சுவிட்சையோ தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். பற்றவைத்துச் சீர்செய்ய வருபவர், பின்புறத்துச் சீட்டில் 'ஆர் 600ஏ' என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்காமல் நெருப்பை எடுக்காதபடி கவனிப்பதும் வீட்டுக்காரர் கடமை. விஷத்தினின்று தப்பிப் பாதகத்தில் விழுந்து, பாதகத்தினின்று தப்பி நெருப்பின் அருகே வந்து நிற்கிறோம். இம்முறை அளவறிந்து நிற்கிறோம் என்பதே வித்தியாசம்.

ஆகார விஷயத்தில் நாம் அத்தனை அளவறிந்தவர்கள் அல்லர். உறங்கும் கிருமியைப் பற்றி முன்னமே சொன்னேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில் அது விழித்துப் பெருகுகிறது. ஆகையால் பெட்டியின் உட்புறம் 4 டிகிரியிலும், உறைவிப்பான் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியிலும் இருத்தல் நலம். நடுத்தட்டில் ஒரு தம்ளர் நீரில் உஷ்ணமானியை இரவு முழுதும் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். மத்தியானம் வடித்த சோற்றை 'சூடாக உள்ளே வைக்கலாகாது' என்று சொல்லி இரவுவரை மேடையில் ஆறவிடுவது நம் வீடுகளின் வழக்கம். சோற்றில் தங்கும் ஒருவகைக் கிருமியின் விதைகள் கொதிநீரிலும் சாவதில்லை. அவை முளைத்து உண்டாக்கும் விஷமோ மீண்டும் சுடவைத்தாலும் நீங்குவதில்லை. அகன்ற பாத்திரத்தில் பரப்பிச் சூட்டைத் தணித்து, இரண்டு மணிக்குள், கோடையானால் ஒரு மணிக்குள், உள்ளே சேர்த்துவிட வேண்டும். பாலைக் கதவுத் தட்டில் வைப்பதும் ஒரு பிழை. பெட்டியிலேயே அதிகம் சூடேறும் இடம் அது. மாமிசமும் மீனும் மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில் இருக்க வேண்டும், அவற்றின் நீர் கீழே சொட்டிக் கொத்தமல்லியின் மேல் விழாதபடி. கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகி மூடி இழுத்தால், தடையின்றி வந்துவிடுமாயின் அந்த ரப்பர் மாற்றத்தக்கது. மின்சாரம் நின்றுபோனால், திறந்து திறந்து பார்ப்பதே பெரிய நஷ்டம். மூடியே வைத்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும்.

மின்சாரம் மீண்டு வந்த உடனே ஓட முயலும் கம்பிரஸர், குழாய்களின் அழுத்தம் சமனாகாமையால் முக்கித் திணறும். சில நிமிஷம் தாமதித்துத் தரும் ஸ்டெபிலைசர் நம் ஊரில் ஆடம்பரமன்று. அதைவிட முக்கியம் மூன்றாவது முள். ஈரக் காலோடு வெறுந்தரையில் நின்று இரும்புக் கதவைத் தொடும் தேசம் நம்முடையது. சுவரில் நில இணைப்பு இல்லாத துவாரத்தில் செருகுவது அந்த முள்ளை முறித்தெறிவதற்குச் சமம்.

கடைசியாகக் கதவு. பழைய காலத்துப் பெட்டிகளுக்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டுமே இருந்தது; காற்றுப் புகாதபடி இறுக மூடும். கொல்லையிலும் குப்பைமேட்டிலும் எறியப்பட்ட அப்பெட்டிகளுக்குள் கண்ணாமூச்சி ஆடப் புகுந்த அமெரிக்கக் குழந்தைகள், தட்டும் ஓசைகூட வெளியே கேளாமல், மூச்சுத் திணறி மடிந்தனர். ஒன்றல்ல, பல ஊர்களில், பல வருஷங்களாக. 1956 ஆகஸ்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. 1958 அக்டோபர் இறுதிக்குப் பின் செய்யப்படும் பெட்டி எதுவும் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று அது விதித்தது. நம் பெட்டிகளின் கதவோரத்து ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் காந்தப் பட்டை அந்தக் காலத்தில்தான் எங்கும் பரவியது. ஆனால் நம் நாட்டில் விற்ற பெட்டிகளில் பலவற்றுக்குச் சாவி போட்டுப் பூட்டும் வசதி உண்டு; அப்படிப் பூட்டிய கதவைக் காந்தம் என்ன செய்யும்? ஓடாமற் போன பழைய பெட்டியை மொட்டை மாடியிலோ மாட்டுக்கொட்டிலிலோ போட்டு வைத்திருப்பவர்கள், பழைய இரும்புக்காரர் வரும் நாளைப் பார்த்திராமல், இன்றே ஒரு திருப்புளியை எடுத்துக் கீல்களைக் கழற்றிக் கதவைத் தனியே வைத்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். இரண்டு கீல்கள், கால்மணி வேலை.